நிற்கும் நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்களின் வார இணைப்புகளில் 'காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பலாம்' என்ற வகையில் குடும்பச் சுற்றுலாக் குறிப்புகள் வெளியாகின்றன. அவற்றை வெட்டி எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளும் வாசகிகளில் நானும் ஒருத்தி. எங்கள் வீட்டில் காரை ஓட்டுபவளும் நானே என்பதால், அந்தக் குறிப்புகளைச் சற்றுக் கூடுதல் அக்கறையோடு படிப்பேன். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அவற்றில் தவறாமல் இருக்கும். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், நின்றால் என்ன செய்வது, எந்த வேளையில் நின்றால் கண்ணுக்கு ஏதாவது தெரியும் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. ஒருநாள் பயணம் கெட்டுப்போவதற்கு இந்த ஒரு விடுபடலே முதற்காரணம் என்பது என் அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அப்படிப்பட்ட ஒரு குறிப்பை அப்படியே நம்பி, ஒரே நாளில் ஏழு இடங்கள் என்று தாளில் எழுதி எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று வண்டி நிறைய ஆட்கள். மூன்றாவது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதே ஒன்றரை மணி நேரம் தாமதமாகியிருந்தது. நான்காவது இடத்தில், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து காட்சிமுனை வரை மாமியார் மெல்ல நடந்து வந்து சேர்வதற்குள் நாங்கள் பார்த்து முடித்துத் திரும்பிவிட்டோம். பாதி வழியில் எங்களைக் கண்டவர், ஒன்றும் சொல்லாமல் எங்களோடு திரும்பி நடந்தார். ஆறாவது இடத்தின் வாயிற்கதவு எங்கள் கண் முன்னால் மூடப்பட்டது. வீடு வந்து படங்களை எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட படங்களின் ஓரத்தில் எங்கள் வண்டியின் கதவு தெரிந்தது. பல இடங்களில் வண்டியை விட்டுப் பத்தடிகூட யாரும் நகரவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அன்று முதல் நான் தூரத்தை வைத்துத் திட்டமிடுவதை விட்டுவிட்டு, நிற்கும் நேரத்தை வைத்துத் திட்டமிடத் தொடங்கினேன். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்புவதாக வைத்துக்கொண்டால் கையில் இருப்பது பன்னிரண்டு மணி நேரம். அதில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் சக்கரம் உருளக் கூடாது. ஐந்து மணி நேரம் இடங்களில் கழிய வேண்டும். மிச்சமுள்ள இரண்டு மணி நேரத்தை எதற்கென்றும் எழுதாமல் விட்டுவிட வேண்டும். அந்த எழுதாத இரண்டு மணி நேரம் கழிப்பறை, எரிபொருள், வழி தவறல், பழுது பார்க்கும் சாலை, தூங்கிப்போன குழந்தையை எழுப்ப மனமில்லாமல் காத்திருப்பது என்று தானாகவே செலவாகிவிடும். கைப்பேசி வரைபடம் காட்டும் நேரம் வண்டி நிற்காமல் ஓடும் நேரமே தவிர, குடும்பம் பயணம் செய்யும் நேரம் அன்று. வேகமாக ஓட்டி அதைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அறுபது கிலோமீட்டரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். மிச்சப்படுவது பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடம், இருக்கைக்கு அடியில் போன ஒற்றைச் செருப்பைத் தேடுவதிலேயே போய்விடும்.

காட்சிக்காகவே சாலை அமைத்தவர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டு பணி தொடங்கி 1987-இல் முழுமை பெற்ற புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலை ஏறத்தாழ 755 கிலோமீட்டர் நீளம் உடையது. அதில் சரக்கு வண்டிகளுக்கு இடமில்லை. உச்ச வேகமே பெரும்பகுதியில் மணிக்கு 72 கிலோமீட்டர்தான். வழிநெடுக வண்டியை ஓரங்கட்டி நின்று பார்ப்பதற்கான காட்சித்தளங்கள் உண்டு. நார்வேயில் 18 சாலைகளைத் தேசியக் காட்சிச் சாலைகள் என்று தேர்ந்தெடுத்து, அவற்றில் வண்டி நிறுத்துமிடத்தையும் பார்வை மேடையையும், ஏன், கழிப்பறையையும்கூடக் கட்டடக் கலைஞர்களைக் கொண்டு வடிவமைத்திருக்கிறார்கள். சாலை என்பது கடந்து போவதற்கு மட்டுமன்று, நிற்பதற்கும்தான் என்ற எண்ணம் இல்லாமல் இத்தனை செலவு செய்திருக்க மாட்டார்கள்.

இன்னும் பின்னே போனால், காரில் நிகழ்ந்த முதல் நெடும்பயணமே ஒரு குடும்பப் பயணம்தான். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பெர்த்தா பென்ஸ் தம் கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தம் தாய்வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் பயணம் செய்தார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் நின்று லிக்ராயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் நின்று தோல் அடித்து வாங்கினார். மேட்டில் வண்டி ஏறாதபோது இறங்கித் தள்ளினார்கள். அன்று அவர்கள் எவ்வளவு நேரத்தில் போனார்கள் என்பதை யாரும் பெரிதாக நினைவில் வைத்திருக்கவில்லை. எங்கெங்கே நின்றார்கள் என்பதுதான் கதையாக நிற்கிறது. அந்தப் பாதை இன்று அவர் பெயராலேயே நினைவுச் சாலையாக விளங்குகிறது.

சரி, எத்தனை இடம், எப்படிப்பட்ட இடம் என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று போதும். ஒன்று பெரியது, இரண்டு சிறியது. மூன்றும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்பது எண்ணிக்கையைவிட முக்கியம். காட்சிமுனைக்குப் பிறகு காட்சிமுனை, அதற்கும் பிறகு இன்னொரு காட்சிமுனை என்று போனால் மூன்றாவதில் பிள்ளைகள் வண்டியைவிட்டு இறங்கவே மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கால்களுக்கு வேலை தரும் இடம் ஒன்று, கண்ணுக்கும் அறிவுக்கும் வேலை தரும் இடம் ஒன்று, எந்த வேலையும் இல்லாமல் சும்மா உட்காரும் இடம் ஒன்று என்று பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஓடி ஏறுவதற்கு ஒரு குன்றோ கோட்டையோ. ஒரு சிறு அருங்காட்சியகம், கலங்கரை விளக்கம், அணைக்கட்டு, பழைய ரயில் நிலையம் போன்ற ஒன்று. பிறகு நீர்க்கரையில் ஒரு மரநிழல். கூடவே இன்னொரு ஏற்பாடும் செய்தோம். ஒவ்வொரு பயணத்திலும் ஓர் இடம் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பது, ஓர் இடம் மாமியார் தேர்ந்தெடுப்பது. தான் கேட்ட இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தால், அடுத்தவர் கேட்ட இடத்தில் பொறுமையாக இருக்கப் பத்து வயதுப் பிள்ளைக்கும் வந்துவிடுகிறது.

எழுதாத நேரம் என்று சொன்னேனே, அது எதற்கெல்லாம் பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒருமுறை டயரில் ஏதோ தட்டுவது போலச் சத்தம் வரவே, ஒரு சிறு பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டினேன். டயரின் பள்ளத்தில் ஒரு கூழாங்கல் சிக்கியிருந்தது. எடுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் மகள் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குப் போய்விட்டாள். கீழே முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு மீன்கொத்தி, ஒரே கிளையிலிருந்து திரும்பத் திரும்பப் பாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் மீனோடு வருகிறதா, வெறும் வாயோடு வருகிறதா என்று அவள் கணக்கெடுக்கத் தொடங்கினாள். பதினொரு முறை பாய்ந்ததில் நான்கு முறை மீன். நாற்பது நிமிடம் அங்கேயே போயிற்று. அன்றைக்கு நாங்கள் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்த இடம் எது என்று கேட்டால் அவளுக்கு இன்று நினைவில்லை. பதினொன்றுக்கு நான்கு என்பது நினைவிருக்கிறது.

திட்டத்தில் அடுத்து வருவது திசை. பயணக் குறிப்புகளில் நான் ஒருபோதும் காணாத செய்தி இது. முடிந்தால் காலையில் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, மாலையில் கிழக்கு நோக்கித் திரும்பும்படி பாதையை அமைத்துக்கொண்டால், இரண்டு வேளையும் வெயில் முதுகுப்பக்கமே இருக்கும். மாறாகப் போனால் காலையிலும் கண் கூசும், களைத்துத் திரும்பும் மாலையிலும் கண் கூசும். இடங்களுக்கும் இதே கணக்குதான். கிழக்கே திறந்திருக்கும் ஒரு பள்ளத்தாக்கைக் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் எதிர்வெயிலில் எல்லாம் வெளுத்த புகைமூட்டமாகத் தெரியும். அதே பள்ளத்தாக்கை மாலை நான்கு மணிக்குப் பார்த்தால் பாறையின் ஒவ்வொரு மடிப்பும் துலங்கும். அருவிச் சாரலில் வானவில் தெரிய வேண்டுமானால் கதிரவன் நமக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆகவே எந்த இடத்துக்கு முதலில் போவது என்பதைத் தூரம் மட்டும் முடிவு செய்யக் கூடாது.

போன வழியே திரும்பாமல் வட்டமாகச் சுற்றி வருவது நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதைத்தான் யோசிப்பதில்லை. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் ஏரியோ கடலோ நம் இடப்பக்கம் வரும்படி போனால், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல், நினைத்த இடத்தில் ஓரங்கட்டலாம். பிள்ளைகள் இறங்கிச் சாலையைக் கடக்கவும் வேண்டியிராது. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இதைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். கோவிலை வலம் வந்து பழகிய கால்கள் நமக்கு. ஆனால் இடப்பக்கம் ஓட்டும் ஊரில் ஏரியை மட்டும் இடமாகத்தான் சுற்ற வேண்டியிருக்கிறது!

இனி, யாரும் பேசாத ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். ஓட்டுபவர். 'அதோ மான், அதோ மேகம் கீழே போகிறது' என்று பின்னிருக்கையிலிருந்து குரல் வரும்போதெல்லாம், அடுத்த கொண்டை ஊசி வளைவையும் எதிரே வரும் பேருந்தையும் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் இருப்பவர் அவர். நிற்கும் இடம்தான் அவருடைய பயணம். நின்ற இடத்திலும் அவரே தண்ணீர் நிரப்பவும் சீட்டு வாங்கவும் அனுப்பப்பட்டால், அவர் அந்த நாளில் பார்த்தது தார்ச்சாலை மட்டுமே. அதனால் எங்கள் வீட்டில், நின்ற முதல் கால் மணி நேரம் ஓட்டியவருக்கு எந்த வேலையும் கிடையாது என்று கணவர் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். அதை அவரே நிறைவேற்றவும் செய்கிறார். இது செல்லம் கொடுப்பதன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது பதினைந்து நிமிடம் ஓய்வு என்பது சாலைப் பாதுகாப்பில் பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. அதிகாலை தவிர, பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரையிலும் உடல் இயல்பாகவே தூக்கத்தை நாடும். கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் அந்தத் தூக்கத்தை விரட்டுவதில்லை. நிழலில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வதுதான் கைகொடுக்கிறது. மூன்று இடங்களில் 'சும்மா உட்காரும் இடத்தை' உணவுக்குப் பிந்திய வேளைக்கு நான் ஒதுக்குவது இதற்காகத்தான்.

வளைவுப் பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதும் திட்டத்தில் சேர வேண்டிய செய்தியே. உட்காதின் சமநிலை உறுப்பு 'அசைகிறோம்' என்று சொல்ல, கைப்பேசித் திரையைப் பார்க்கும் கண் 'அசையவில்லை' என்று சொல்ல, இரண்டுக்கும் இடையே மூளை தடுமாறுவதால் வருவது இது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதிகம். என் மகன் வாந்தி வருகிறது என்று சொல்ல மாட்டான். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று வாயை மூடிக்கொள்வான், உதட்டைச் சுற்றி வெளுக்கும், கொட்டாவி விடுவான். கொட்டாவி வந்தால் எனக்குச் சரியாக இரண்டு வளைவுதான் அவகாசம். மலையேறுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிடாமல் இருப்பது, திரையையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொள்வது, தொலைவில் தெரியும் ஒன்றைப் பார்க்கச் செய்வது, காற்று வரும்படி கண்ணாடியை இறக்குவது ஆகியவை பெருமளவு உதவுகின்றன. மருந்து கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. அந்த மருந்துகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை என்பதால் ஓட்டுபவர் அவற்றைத் தொடக் கூடாது.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டயரின் காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு பார்க்க வேண்டும். முழு ஆட்களோடும் சுமையோடும் போகும்போது எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பல வண்டிகளில் ஓட்டுபவர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்க்காமல் புறப்படுபவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். வரைபடத்தை முந்தைய நாளே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் எங்கிருக்கிறோம் என்பதைச் செயற்கைக்கோள் வழியாக அது காட்டிக்கொண்டிருக்கும். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் விரைவு மின்னேற்றம் 80 விழுக்காட்டுக்கு மேல் மெதுவாகிவிடும் என்பதை அறிவார்கள். அந்த நிறுத்தத்தையே மூன்றில் ஒன்றாக ஆக்கிக்கொண்டால் காத்திருப்பது தெரியாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'இதோ ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்' என்று வெயிலில் நிறுத்திய வண்டியில் குழந்தையை விட்டுப் போகக் கூடாது. மூடிய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயர்ந்துவிடும்.

திரும்பும் பயணத்தை யாருமே திட்டமிடுவதில்லை. அந்தி வரை காத்திருந்து கதிரவன் மறைவதைப் பார்ப்பது அழகுதான். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நாடுகளில் மறைந்த பிறகு வெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. அதற்குள் மலைப்பாதையை இறங்கி முடிக்க முடியுமா என்பதைக் காலையிலேயே கணக்கிட வேண்டும். நான் தாளில் முதலில் எழுதுவது மலையடிவாரத்தை வந்தடைய வேண்டிய நேரத்தை. அதிலிருந்து பின்னோக்கி ஒவ்வோர் இடத்துக்கும் நேரம் குறித்துக்கொண்டு போய், புறப்படும் நேரத்தைக் கடைசியாக எழுதுவேன். தாமதமானால் எந்த இடத்தைக் கைவிடுவது என்பதையும் முந்தைய நாள் இரவே எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிடுவோம். நடுவழியில் அந்த முடிவை எடுக்கப் புகுந்தால் அது சண்டையாகத்தான் முடியும்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி வெளியிடும் பயணக் குறிப்புகளில் கிலோமீட்டரோடு, ஓர் இடத்தில் நிதானமாகக் கழிக்கத் தேவைப்படும் நேரம், அது எந்தக் கிழமையில் பூட்டியிருக்கும், கடைசி நுழைவு எத்தனை மணிக்கு, காலை வெயிலுக்கு உகந்ததா மாலை வெயிலுக்கு உகந்ததா, கழிப்பறை உண்டா, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும், எத்தனை படிகள் ஏற வேண்டும், நடுவில் உட்கார இடம் உண்டா என்பவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடங்களின் எண்ணிக்கையை ஏழிலிருந்து மூன்றாகக் குறைத்தால் இதற்கு வேண்டிய பத்தி இடம் தாளில் தானாகவே கிடைத்துவிடும். படிகளின் எண்ணிக்கையை அறிந்துகொள்ள என் மாமியார் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி ஒருத்தி